கோபர் கேஸ் அடுப்பு எரியவில்லையா? முதலில் டிரம்மைப் பாருங்கள்

கொல்லையிலோ மாடியிலோ 1 முதல் 2 கன மீட்டர் கொள்ளளவில் ஒரு கோபர் கேஸ் தொட்டி, அதில் போட மாட்டுச் சாணமும் சமையலறைக் கழிவும், செரித்து வெளியே வரும் ஸ்லரியை (சாணக் கரைசலை) நம்பி ஒரு காய்கறிப் பாத்தி. இந்த ஏற்பாடு உள்ள வீடுகளுக்காக எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் யார் வீட்டு அடுப்பு மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போய்ப் பார்த்தால் தொட்டியில் கோளாறு இருப்பது அபூர்வம். குழாயில் தண்ணீர் நிற்கும். இல்லாவிட்டால் போன வாரம் விசேஷத்தில் மிஞ்சிய சாதமெல்லாம் தொட்டிக்குள் போயிருக்கும். அதற்குள் வீட்டுக்காரர் பர்னரை மாற்றியிருப்பார், ஹோஸை மாற்றியிருப்பார், சில வீடுகளில் தொட்டியையே காலி செய்யத் தொடங்கியிருப்பார்கள். தொட்டியைக் காலி செய்தால் மறுபடி கேஸ் வர 3, 4 வாரம் காத்திருக்க வேண்டும். அதனால் அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்வது மிதக்கும் டிரம் வகைக்குப் பொருந்தும். ஸ்லரியின் மேல் கவிழ்த்து வைத்த டிரம்முக்குள் கேஸ் சேரச் சேர அது மேலே எழும்பும், தீரத் தீர இறங்கும். காதி கிராமத் தொழில் ஆணையத்தின் பழைய இரும்பு டிரம் மாடல், கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் நார்டெப் பிரிவு உருவாக்கிய சக்தி சுரபி, புனே ஆர்ட்டி நிறுவனத்தின் முறைப்படி ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிக்குள் இன்னொன்றைக் கவிழ்த்துச் செய்தது எல்லாம் இதில் சேரும். தீனபந்து போன்ற குவிமாட வகையில் டிரம் கிடையாது. அதில் வெளித்தொட்டியில் ஸ்லரி எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏறியிருந்தால் உள்ளே கேஸ் இருக்கிறது. மற்றபடி குழாய், அடுப்பு, தீனி சம்பந்தப்பட்ட எல்லாம் ஒன்றுதான்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீர், சாக்பீஸ், குண்டூசி, மருந்து அல்லது ஆய்வகப் பொருள் கடையில் கிடைக்கும், புளிப்பை அளந்து காட்டும் பிஹெச் தாள், உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒரு மீட்டர். தீப்பெட்டி வேண்டாம். கசிவைத் தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

எந்தக் கோளாறானாலும் முதல் கேள்வி, டிரம் எங்கே நிற்கிறது என்பதுதான். மேலே நிற்கிறது என்றால் கோளாறு குழாயிலோ அடுப்பிலோ இருக்கிறது. 1, 2, 3 பாருங்கள். கீழே கிடக்கிறது என்றால் 4. ஏறி இறங்கத்தான் செய்கிறது, ஆனால் சமையல் முடிவதற்குள் தீர்ந்துவிடுகிறது என்றால் 6.

1. டிரம் மேலே நிற்கிறது, அடுப்பில் கேஸ் வரவில்லை

வால்வு திறந்திருக்கிறதா? சிரிக்காதீர்கள். டிரம்மின் மேல் இருக்கிற வால்வு வெயிலிலும் மழையிலும் கிடப்பது. கைப்பிடி திரும்பும், உள்ளே இருக்கிற தண்டு திரும்பாது. கைப்பிடி வழக்கத்தைவிட லேசாகத் திரும்பினால் வால்வு போய்விட்டது என்று அர்த்தம். பிளம்பிங் கடையில் பால் வால்வு வாங்கி மாற்றிவிடலாம்.

அடுத்தது தண்ணீர். எனக்கு வருகிற அழைப்புகளில் பெரும்பாலானவை இங்கேயே முடிந்துவிடும். தொட்டியிலிருந்து வரும் கேஸ் ஈரமானது. குழாய்க்குள் குளிர்ந்ததும் அந்த ஈரம் தண்ணீராகிக் குழாயின் தாழ்ந்த இடத்தில் தேங்கி வழியை அடைக்கும். ராத்திரி பனி விழுகிற மார்கழி, தை மாதங்களில் இது அதிகம். அடையாளம் காண்பது சுலபம். அடுப்புத் திருகைத் திறந்து காதை வைத்துக் கேட்டால் குழாய்க்குள் ‘குளுக் குளுக்’ என்று சத்தம் வரும். தீ பற்றினாலும் ஒரு நொடி எழும்பி, ஒரு நொடி அடங்கி, மறுபடி எழும்பும்.

டிரம் வால்வை மூடுங்கள். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். குழாயின் தாழ்ந்த இடத்தில் வடிகுழாய் இருந்தால் திறந்து வடியுங்கள். இல்லாவிட்டால் அடுப்புப் பக்க ஹோஸைக் கழற்றி, குழாயைத் தொட்டிப் பக்கத்திலிருந்து கையால் தூக்கிக்கொண்டே வந்து தண்ணீரை வெளியே விடுங்கள். ஒரு தம்ளர் தண்ணீர் வந்தாலே அன்றைக்கு அடுப்பு எரியும். ஆனால் அடுத்த வாரம் மறுபடி தேங்கும். நிரந்தரமாகத் தீர வேண்டுமானால் குழாய்க்குச் சரிவு வேண்டும்: 10 மீட்டர் நீளத்துக்கு 10 செ.மீ. இறக்கம், தொட்டியை நோக்கியோ ஒரு வடிகுழாயை நோக்கியோ. நடுவில் எங்கும் தொய்வு இருக்கக் கூடாது. துணி காயப்போடுகிற கயிறு போலத் தொங்கும் ஹோஸைத்தான் பல வீடுகளில் பார்க்கிறேன். இரண்டு கிளாம்ப் அடித்தால் தீர்ந்தது. சரிவு தர வழியே இல்லாத இடத்தில் தாழ்ந்த புள்ளியில் ஒரு டி இணைப்பு, அதன் கீழே ஒரு சின்ன வால்வு. வாரம் ஒரு தரம் திறந்து மூடினால் போதும்.

தண்ணீரும் இல்லை என்றால் ஹோஸை முழு நீளமும் கையால் தடவிப் பாருங்கள். எங்காவது மடங்கியிருக்கும். எலி கடித்திருந்தால் அங்கே வாடை வரும். சோப்புத் தண்ணீர் தடவினால் கொப்புளம் கிளம்பும். கடித்த இடத்தை டேப் சுற்றி ஓட்ட வேண்டாம். அந்தத் துண்டை வெட்டிவிட்டு இணைப்பு போட்டு, இரு பக்கமும் ஹோஸ் கிளிப் முடுக்குங்கள்.

கடைசியில் ஜெட், அதாவது பர்னருக்குள் கேஸ் பாய்ந்து வரும் சின்னத் துளை. ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பிய வீடுகளில் குளவி வேலை செய்திருக்கும். பர்னரின் காற்றுத் துளை அதற்கு ரொம்பப் பிடித்த இடம். உள்ளே களிமண் கூடு கட்டி, அதற்குள் புழுவைத் திணித்து, வாயை வழவழவென்று பூசிவிட்டுப் போயிருக்கும். பர்னரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். கூட்டைத் தட்டி எடுத்து, ஜெட் துளையைக் குண்டூசியால் சுத்தம் செய்யுங்கள். துளையைப் பெரிதாக்கும்படி குடையக் கூடாது.

பிளாஸ்டிக் டிரம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த டிரம்முக்கு எடை போதாது. எடை இல்லாவிட்டால் அழுத்தம் இல்லை. தெளிவான குழாயை ‘ப’ வடிவத்தில் பிடித்து, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை அடுப்புக்கு வரும் ஹோஸில் மாட்டுங்கள். கேஸைத் திறந்ததும் இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் இடையில் வித்தியாசம் தெரியும். இரும்பு டிரம்மில் 8 முதல் 10 செ.மீ. காட்டும். பிளாஸ்டிக்கில் 2, 3 செ.மீ.தான் என்றால் மேலே பாரம் ஏற்ற வேண்டும். ஒரு மீட்டர் அகல டிரம்மில் 8 கிலோ வைத்தால் ஏறக்குறைய 1 செ.மீ. கூடும். செங்கல்லைச் சுற்றிலும் சமமாக அடுக்குங்கள். ஒரே பக்கம் வைத்தால் டிரம் சாய்ந்து மாட்டிக்கொள்ளும்.

2. கேஸ் வருகிறது, தீ பற்றவில்லை; பற்றினாலும் அணைகிறது

புதுத் தொட்டியா? முதலில் சேரும் கேஸில் காற்றும் கரியமில வாயுவும்தான் அதிகம். அது எரியாது. காற்று கலந்திருப்பதால் பற்றவைத்துப் பார்ப்பதும் ஆபத்து. முதல் ஒன்றிரண்டு டிரம் கேஸை, பக்கத்தில் நெருப்பில்லாமல் பார்த்துக்கொண்டு வெளியே திறந்துவிடுங்கள். அடுத்து வருவது எரியும். சோதனையை அடுப்பில் மட்டும் செய்யுங்கள். தொட்டியின் வால்வு வாயில் பற்றவைத்தால் தீ உள்ளே இறங்க வாய்ப்பு உண்டு.

பழைய தொட்டி, தீ பர்னரைவிட்டு ஒரு விரற்கடை மேலே நின்று எரிந்து ‘புஸ்’ என்று அணைகிறது என்றால் காற்று அதிகம். ஜெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற காற்றுத் தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வாருங்கள். தீ பர்னரில் வந்து உட்காரும் இடத்தில் நிறுத்துங்கள்.

வீட்டில் கிடந்த எல்பிஜி அடுப்பை அப்படியே மாட்டியிருந்தால் சரியாக எரியாது. எல்பிஜி அதிக அழுத்தத்தில் சின்னத் துளை வழியாக வருவது, அதற்குக் காற்றும் நிறைய வேண்டும். கோபர் கேஸ் குறைந்த அழுத்தத்தில் வருவது. பெரிய ஜெட் வேண்டும், காற்று குறைவாக வேண்டும். கோபர் கேஸுக்கென்றே விற்கும் அடுப்பு வாங்குவதுதான் என் யோசனை. அடுப்பு ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்து ஜெட்டைப் பெரிதாக்கினாலும் வேலை நடக்கும். ஆனால் அப்படி மாற்றிய அடுப்பை எக்காரணம் கொண்டும் திரும்ப சிலிண்டரில் மாட்டக் கூடாது, தீ பயங்கரமாகக் கிளம்பும். அடுப்பின் மேலேயே பெயின்டில் எழுதி வையுங்கள். நீங்கள் இல்லாத நாளில் வேறு யாராவது மாட்டிவிடுவார்கள்.

இது எதுவும் இல்லை, போன வாரம் வரை நன்றாக எரிந்தது, இப்போது கேஸ் நிறைய வந்தும் பற்றவில்லை என்றால் தொட்டி புளித்திருக்கிறது. நேரே 5-க்குப் போங்கள்.

3. தீ மஞ்சளாக எரிகிறது, பாத்திரம் கரி பிடிக்கிறது

காற்று குறைவு. தகட்டைத் திறங்கள். திறந்தும் மாறாவிட்டால் பர்னர் துளைகளில் பால் பொங்கியோ கஞ்சி வடிந்தோ காய்ந்திருக்கும். கழற்றி, வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்து, வெயிலில் காயவைத்து மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் மறுபடி அதே மஞ்சள்தான்.

4. டிரம் எழும்பவில்லை

இங்கே பொறுமை வேண்டும். கேஸ் உண்டாகவில்லையா, உண்டாகிக் கசிகிறதா என்பதை முதலில் பிரித்துவிடுங்கள். இரண்டு ராத்திரி போதும்.

முதல் நாள் காலையில் டிரம் வால்வை மூடி, ஸ்லரி மட்டத்துக்கு நேராக டிரம்மில் சாக்பீஸால் கோடு போடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். நேரம் மாறக் கூடாது, ஏனென்றால் மதிய வெயிலில் கேஸ் விரிந்து டிரம் தானாகவே கொஞ்சம் ஏறி நிற்கும். பிறகு டிரம் வால்வைத் திறந்து, அடுப்புத் திருகை மட்டும் மூடி, இன்னொரு நாள் விட்டுப் பாருங்கள்.

முதல் நாள் ஏறியது, இரண்டாம் நாள் ஏறவில்லை என்றால் கசிவு குழாயில். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் கண்டுபிடித்து, டெஃப்லான் டேப் சுற்றி முடுக்குங்கள்.

முதல் நாளே கோடு இறங்கிவிட்டது என்றால் கசிவு டிரம்மில். டிரம்மின் மேல்தட்டு, வால்வு உட்காரும் இடம், பற்றவைத்த மடிப்புகள் என்று சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஊசித்துளை என்றால் துருவைச் சுரண்டி, சுற்றிலும் காயவைத்து, எம்-சீல் அப்பலாம். விரல் நுழைகிற அளவு அரித்திருந்தால் அது பட்டறை வேலை, 10-ஐப் பாருங்கள்.

டிரம்மைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் வளையம் உள்ள மாடலா? சித்திரை, வைகாசியில் அந்தத் தண்ணீர் வற்றி, கேஸ் ஓரத்தில் தப்பிக்கும். தண்ணீர் ஊற்றி, மேலே கொஞ்சம் வேப்பெண்ணெயோ பயன்படுத்திய எண்ணெயோ விடுங்கள். ஆவியாவது குறையும், கொசுவும் முட்டை வைக்காது. டிரம் முழு உயரம் ஏறிய பிறகு ஓரத்தில் குமிழி விடுவது கசிவல்ல, மிச்ச கேஸ் போகிறது. நிம்மதியாகச் சமையுங்கள்.

இரண்டு நாளும் கோடு அசையவே இல்லை என்றால் கேஸ் உண்டாகவில்லை, அல்லது டிரம் மாட்டிக்கொண்டிருக்கிறது. டிரம்மை இரு கையாலும் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பிப் பாருங்கள். மேலே ஏடு கட்டிக் காய்ந்திருந்தால் முதலில் நகராது. ஓரமாகத் தண்ணீர் விட்டு, ஊறிய பின் திருப்புங்கள். இரும்பு மாடலில் நடுவில் இருக்கும் வழிகாட்டிக் குழாய் துருப்பிடித்துக் கடிப்பதும் உண்டு. சுரண்டி கிரீஸ் வையுங்கள். தினமும் காலையில் தீனி ஊற்றியதும் டிரம்மை ஒரு தரம் திருப்புகிற வீடுகளில் ஏட்டுத் தொல்லை வருவதேயில்லை.

டிரம் தாராளமாகத் திரும்புகிறது, ஆனாலும் எழவில்லை. இப்போது தீனியை விசாரிக்க வேண்டும். வீட்டில் யார் தொட்டியில் கொட்டுகிறார்களோ அவரிடம் கேளுங்கள். தோட்டத்துக்காரரிடம் கேட்டால் ஒன்று சொல்வார், பாத்திரம் தேய்க்கிற அக்காவிடம் கேட்டால் வேறொன்று தெரியவரும்.

குறைந்த தீனி: ஒரு பசு நாளைக்கு ஏறக்குறைய 10 கிலோ சாணம் போடும். 25 கிலோ சாணத்துக்கு 1 கன மீட்டர் கேஸ் என்று கணக்கு. மாட்டை விற்றுவிட்டுத் தொட்டியை மட்டும் வைத்திருந்தால் எழும்பாதுதான்.

நீர்த்த தீனி: சாணம் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. தொழுவம் கழுவிய தண்ணீரையெல்லாம் உள்ளே விட்டால் சாணம் வேலை செய்யும் முன்பே வெளியே தள்ளப்பட்டுவிடும்.

குளிர்: 20 டிகிரிக்குக் கீழே கேஸ் வெகுவாகக் குறையும், 10 டிகிரி பக்கம் போனால் ஏறக்குறைய நின்றுவிடும். ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் இது தொட்டியின் குற்றமல்ல. சாணம் கரைக்கும் தண்ணீரைக் கறுப்பு டிரம்மில் வைத்து வெயிலில் சூடாக்கி மதியத்தில் ஊற்றுங்கள். தொட்டியைச் சுற்றி வைக்கோல் கட்டுங்கள். சமவெளியில் மார்கழியில் வரும் சுணக்கம் தானாகவே தையில் தெளியும்.

விஷம்: பினாயில், பிளீச்சிங் பவுடர், பாத்திரம் தேய்த்த சோப்புத் தண்ணீர் எதுவும் தொட்டிக்குப் போகக் கூடாது. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் சாணத்தை இரண்டு வாரமாவது தனியே எருக்குழிக்கு அனுப்புங்கள். அந்த மருந்து சாணம் வழியாக வந்து தொட்டியில் இருக்கிற நுண்ணுயிர்களையும் கொல்லும். ஏற்கெனவே போய்விட்டதென்றால் நல்ல சாணத்தை நீர்விட்டுத் தினமும் ஊற்றி, விஷம் வெளியேறும் வரை காத்திருக்க வேண்டும்.

5. தொட்டியில் புளித்த மாவு வாடை, ஸ்லரியில் நுரை, கேஸ் எரியவில்லை

சமையலறைக் கழிவை நம்பியிருக்கும் தொட்டிகளுக்கு வருகிற வியாதி. சாணம் மட்டும் போடும் வீடுகளில் அரிதாகத்தான் பார்க்கிறேன். தொட்டியும் மாட்டு வயிறும் ஒன்றுதான்: மெதுவாகச் செரிக்கும், பழக்கமில்லாததைத் திடீரெனக் கொடுத்தால் உப்பும். பொங்கல் கழிந்த வாரத்திலும் வீட்டில் கல்யாணம் காதுகுத்து முடிந்த வாரத்திலும் இந்த அழைப்பு வரும். மிஞ்சிய சாதம், பாயசம், இலையில் விட்ட இனிப்பு எல்லாம் ஒரே நாளில் உள்ளே போயிருக்கும்.

ஸ்லரி வெளியே வரும் வாயில் பிஹெச் தாளை நனைத்துப் பாருங்கள். 7-ஐ ஒட்டி இருந்தால் நலம். 6.5-க்குக் கீழே இறங்கியிருந்தால் புளிப்பு. தாள் இல்லாவிட்டால் மூக்கே போதும். நல்ல ஸ்லரியில் சாண வாடைகூட அடங்கியிருக்கும். புளித்ததில் காடி வாடை மூக்கைத் துளைக்கும், நிறமும் வெளிறியிருக்கும்.

தீனியை உடனே நிறுத்துங்கள். ‘கேஸ் வரவில்லையே, இன்னும் கொஞ்சம் போடலாம்’ என்று தோன்றும். அதுதான் தொட்டியைக் கெடுக்கிறது. ஒரு வாரம் எதுவும் போடாமல், தினமும் டிரம்மைத் திருப்பி மட்டும் விடுங்கள். எரியாத கேஸ் சேர்ந்தால் திறந்தவெளியில் விட்டுவிடுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகும்.

ஒரு வாரமாகியும் தாள் 6.5-ஐத் தாண்டவில்லை என்றால், ஒரு கைப்பிடி ஆப்ப சோடாவை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றி, மறுநாள் பாருங்கள். தேவைப்பட்டால் இன்னொரு கைப்பிடி. சுண்ணாம்பும் வேலை செய்யும். ஆனால் கிலோ கணக்கில் கொட்டினால் அடியில் கட்டியாக உட்கார்ந்துவிடும். அதை எடுக்கத் தொட்டியைக் காலி செய்ய வேண்டி வரும். கூடவே இரண்டு வாளி புதுச் சாணத்தைச் சம அளவு தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். வேறு நன்றாக ஓடுகிற தொட்டியின் ஸ்லரி கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் நுண்ணுயிர்கள் தயாராக இருக்கின்றன.

தாள் 7-ஐத் தொட்டு, தீயும் பற்றத் தொடங்கிய பிறகு பழைய அளவில் கால் பங்கு தீனியோடு தொடங்குங்கள். வாரத்துக்கு வாரம் ஏற்றுங்கள். 1 கன மீட்டர் தொட்டிக்கு நாளுக்கு 2 கிலோ சமையலறைக் கழிவில் தொடங்குவது பத்திரம். பழகிய தொட்டி அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். பழகிய தொட்டி என்பதற்கு என் அளவுகோல்: தீனியை ஏற்றி மூன்று நாளாகியும் தீ நீலமாகவே இருக்க வேண்டும்.

எலுமிச்சை, சாத்துக்குடித் தோல், வெங்காயச் சருகு, முட்டை ஓடு, எலும்பு, தேங்காய் நார், ஊறுகாய், வடித்த எண்ணெய் இவற்றை உள்ளே போடாதீர்கள். சோறு, கஞ்சி, அரைத்த காய்கறித் தோல், அழுகிய பழம், மாவு அரைத்த கல் கழுவிய தண்ணீர் போடலாம். துண்டு சின்னதாக இருக்க இருக்க நல்லது.

6. கேஸ் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது

பாதி வீடுகளில் இது கோளாறே இல்லை, எதிர்பார்ப்பு. ஒரு பசுவின் ஒரு நாள் சாணம் தருவது ஏறக்குறைய 400 லிட்டர் கேஸ். வீட்டு பர்னர் மணிக்கு 450 லிட்டர் குடிக்கிற ரகமும் உண்டு, அதில் பாதி குடிக்கிற ரகமும் உண்டு. பெரிய பர்னரை முழுதாகத் திறந்தால் ஒரு மணி நேரம்கூட வராது. பருப்பையும் கடலையையும் ராத்திரியே ஊறப்போட்டு, குக்கரில் ஏற்றி, கொதி வந்ததும் திருகைக் குறைத்தால் அதே கேஸில் காலைச் சமையல் முடியும். குளிக்க வெந்நீரை இதில் போடாதீர்கள். அதற்கு வெயிலும் விறகும் இருக்கின்றன.

முன்பு இரண்டு மணி நேரம் எரிந்தது, தீனி மாறவில்லை, இப்போது பாதிதான் என்றால் 4-இல் சொன்ன இரண்டு ராத்திரிச் சோதனையைச் செய்யுங்கள். கசிவும் இல்லாமல் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தால் அடியில் மண் சேர்ந்திருக்கிறது. மண் தரைத் தொழுவத்தில் சாணத்தோடு மண்ணும் அள்ளப்படும். அது வெளியே வராது. நீளமான மூங்கிலை விட்டு ஆழம் பாருங்கள். தொட்டியின் ஆழத்தில் கால் பங்குக்கு மேல் மண் என்றால் தூர் வார வேண்டியதுதான்.

7. ஊற்றுவது உள்ளே இறங்கவில்லை

நுழைவுக் குழாயில் வைக்கோல் பந்தாகச் சுருண்டிருக்கும், இல்லை முழு வாழைப்பழத் தோல் சிக்கியிருக்கும். மூங்கில் கழியால் குத்தி இறக்குங்கள். கழி தாராளமாகப் போகிறது, ஆனாலும் மட்டம் இறங்கவில்லை என்றால் அடைப்பு வெளியேறும் பக்கம். அங்கே காய்ந்த ஏட்டை எடுத்துவிடுங்கள். மாடியில் வைத்த தொட்டியில் வேகமாகத் தண்ணீர் அடித்து அடைப்பெடுக்க வேண்டாம். எல்லாம் பக்கத்து வீட்டுச் சுவரில் போய் விழும்.

8. சமையலறையில் அழுகிய முட்டை வாடை

எரியாத கேஸ் வெளியே வருகிறது. சுவிட்சைத் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். அடுப்பை மூடி, டிரம் வால்வை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். வாடை போன பிறகு சோப்புத் தண்ணீரோடு உள்ளே போங்கள். பெரும்பாலும் அடுப்புக்கும் ஹோஸுக்கும் இடையிலுள்ள இணைப்பில்தான் இருக்கும். ஹோஸ் முனை வெடித்திருந்தால் இரண்டு அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி மாட்டலாம்.

கசிவில்லை, அடுப்பைப் பற்றவைக்கும் நொடியில் மட்டும் வாடை வருகிறது என்றால் கேஸில் கந்தகம் கூடுதல். லேத் பட்டறையில் கிடைக்கிற இரும்புச் சுருளைத் தண்ணீர் தெளித்துத் துருப்பிடிக்கவைத்து, ஒரு பிவிசி குழாய்த் துண்டில் தளர்வாக நிரப்பி, கேஸ் வரும் வழியில் இணையுங்கள். அது கறுத்ததும் மாற்றுங்கள். பாத்திரத்தின் பளபளப்பும் பர்னரின் ஆயுசும் கூடும்.

9. ஸ்லரி ஊற்றிய செடிகள் முகம் வாடுகின்றன

இலை ஓரம் கருகுகிறது: நீர் கலக்காமல் ஊற்றியிருப்பீர்கள். தொட்டியிலிருந்து வந்த ஸ்லரியை நிழலில் ஒரு குழியிலோ டிரம்மிலோ சில நாள் வைத்து, பிறகு ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, தண்டைத் தொடாமல் வேரைச் சுற்றி ஊற்றுங்கள். வளர்ந்த கத்தரி, வெண்டை, வாழைக்கு ஐந்து பங்கு தண்ணீர் போதும். நாற்றுக்கு வேண்டவே வேண்டாம்.

இலை மட்டும் கொழுத்து வளர்கிறது, காய் இல்லை: தழைச்சத்து கூடிவிட்டது. தக்காளியும் மிளகாயும் பூ எடுக்கும் சமயத்தில் ஸ்லரியைப் பாதியாகக் குறைத்து, விறகடுப்புச் சாம்பலைச் செடிக்கு ஒரு கைப்பிடி வீதம் தூவுங்கள். அடிக்கடி போட்டால் மண் காரமாகிவிடும். கீரைப் பாத்தியில் இந்தக் கவலை இல்லை, அங்கே இலைதான் அறுவடை.

மாடிப் பூந்தொட்டி மண்ணில் வெள்ளைப் படலம்: உப்பு. சாம்பார், ரசம், மோர்க் குழம்பு என்று உப்புப் போட்ட மிச்சமெல்லாம் உள்ளே போனால் அது ஸ்லரியோடு வெளியேதான் வரும். தரையில் மழை கழுவிவிடும், பூந்தொட்டியில் அது அங்கேயே தங்கும். அடியில் வடியும்வரை நல்ல தண்ணீர் இரண்டு தரம் ஊற்றி அலசுங்கள். இனிமேல் மாடிச் செடிக்கு ஸ்லரியை நேரே ஊற்றாமல், காய்ந்த இலையோடு கலந்து மக்கவைத்துப் போடுங்கள். ஈயும் புழுவும் மொய்ப்பதற்கும் அதே மருந்துதான்.

பச்சையாகச் சாப்பிடுகிற கொத்தமல்லி, வெள்ளரி, கேரட் பாத்தியில் திரவ ஸ்லரி வேண்டாம். தொட்டிக்குள் போய் வந்ததால் எல்லாக் கிருமியும் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

10. கையை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்

தொட்டிக்குள் இறங்க வேண்டி வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். காலி செய்த தொட்டியிலும் அடியில் விஷ வாயு நிற்கும். இறங்கியவர் மயங்கி, அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து இறந்துபோகிற செய்தி கழிவுத் தொட்டி, கிணறு, சாணக்குழி என்று எல்லா வருடமும் வருகிறது. தூர் வாருவதை மோட்டார் வைத்த சேற்று பம்பும் முறையான கருவியும் உள்ளவர்களிடம் விடுங்கள். விழுந்தவர் இருந்தால் பின்னாலேயே இறங்காதீர்கள், 101-ஐக் கூப்பிடுங்கள்.

டிரம்மில் வெல்டிங் என்றால், டிரம்மைத் தொட்டியிலிருந்து முழுதாகத் தூக்கி, தண்ணீர் விட்டுக் கழுவி, வாயை மேலே பார்த்தபடி வைத்துக் காற்றாட விட்ட பிறகுதான் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். ‘அங்கேயே நின்று ஒரு பொட்டு வைத்துவிடுகிறேன்’ என்கிற வெல்டரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

குவிமாட வகையில் விரிசல் என்றால் கண்ட கொத்தனாரையும் வைத்துப் பூச வேண்டாம். அந்த உள்பூச்சு கேஸ் தாங்க வேண்டும். கோபர் கேஸ் கட்டிப் பழகியவர்தான் செய்ய முடியும். அப்படிப்பட்டவரின் முகவரிக்கு மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள், கோவையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் துறையிலும் வழிகாட்டுவார்கள்.

கூப்பிடுவதற்கு முன் நான்கு விஷயத்தை எழுதி வையுங்கள்: சாக்பீஸ் கோடு எவ்வளவு நகர்ந்தது, ‘ப’ குழாயில் எத்தனை செ.மீ., பிஹெச் தாள் காட்டியது, கடந்த இரண்டு வாரத்தில் உள்ளே போனவை. இது கையில் இருந்தால் வருகிறவர் தேவையில்லாத உதிரி பாகத்தை உங்கள் தலையில் கட்ட முடியாது. டிரம்மையே மாற்றுகிறீர்கள் என்றால், பழையதை எடைக்குப் போடும்போது அது கேஸ் டிரம் என்பதைக் கடைக்காரரிடம் சொல்லிக் கொடுங்கள். கட்டர் வைப்பதற்கு முன் அவரும் அதைக் கழுவிக் காயவைக்க வேண்டும்.